கயிறு பிடித்து நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊர்மக்களுக்கு வணக்கம்.

மாசி ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் குடமுருட்டிக் கரையோரம் சாரணர், ஜூனியர் ரெட் கிராஸ் பிள்ளைகள் ராக்கெட் விட்ட நிகழ்ச்சி நல்லபடியாக நடந்து முடிந்தது. ஒரு பிள்ளைக்குக்கூடச் சிராய்ப்பு இல்லை. பிள்ளைகளின் திறமையை நீங்கள் எல்லாரும் பாராட்டியாயிற்று. நான் இந்த மடலை எழுதுவது, அன்று "வேண்டாம்", "நில்லு", "பொறு" என்று சொன்னவர்களுக்கு நன்றி சொல்ல.

முதல் நன்றி தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்த ஐயாவுக்கு. பிள்ளைகள் ஆசைப்பட்டது மருந்து அடைத்த மோட்டாரில் போகும் மாடல் ராக்கெட்டுக்குத்தான். அதில் தப்பில்லை. அட்டைக்குழாயிலும் லேசான மரத்திலும் செய்து, தள்ளி நின்று பேட்டரி மூலம் பற்றவைத்து, பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் ஒழுங்காக ஏவுகிறார்கள். ஆனால் ஐயா ஊரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். வயலில் காய்ந்த அரிதாள், களத்தில் வைக்கோல் போர், அதைத் தாண்டினால் கூரை வீடுகள். "இங்கே நெருப்பு வேண்டாம் சார், தண்ணியிலேயே விடுங்க" என்றார். பிள்ளைகளின் முகம் வாடியது உண்மைதான். ஆனாலும் அவர் சொன்னதுதான் சரி.

அப்புறம் சைக்கிள் கடை அண்ணன். தண்ணீர் ராக்கெட்டுக்கு வேண்டியது குளிர்பானம் வரும் கலர் பாட்டில் ஒன்று, அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி இடத்தில் பம்பால் ஏற்றிய காற்று. அடைபட்ட காற்று தண்ணீரைக் கீழே தள்ளும், பாட்டில் மேலே பாயும். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பிள்ளைகள் அன்று நனைந்துகொண்டே படித்தார்கள். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் காற்று ஏறிய பாட்டில் வெடித்தால் கண் போய்விடும். அதனால் அண்ணன் ஒவ்வொரு பாட்டிலையும் வெயிலுக்கு நேரே பிடித்து, மசகு படிந்த கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். விரலில் கீறல் தட்டுப்பட்டால் ஓரமாக வைத்துவிடுவார். சாதாரணக் குடிதண்ணீர் பாட்டில் ஒன்றையும் சேர்க்கவில்லை; கேஸ் அடைத்த கலர் பாட்டில்தான் அழுத்தம் தாங்கும். சூடான பசை வைத்து இறக்கை ஒட்டியதையும் திருப்பித் தந்தார், சூடு பட்ட இடத்தில் பாட்டில் பலமிழந்துவிடும் என்பதால். ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்த பையன் அழுதேவிட்டான். அண்ணன் தன் கடையில் வைத்திருந்த நல்ல பாட்டிலைக் கொடுத்து, கூடவே உட்கார்ந்து பழைய பேனரில் இறக்கை வெட்டி டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தார். பம்பில் முள் 40 பவுண்டைத் தொட்டதும் கையை எடுத்துவிடுவார். "இன்னும் கொஞ்சம் அண்ணே" என்று எத்தனை பேர் கெஞ்சினாலும் மசியவில்லை.

இடம் தந்த மேலத்தெருப் பெரியவருக்கு என்ன சொல்வது! நம் பக்கத்தில் சம்பா அறுப்புக்கு முன்பே நின்ற பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். மாசியில் வெறும் வயல் கிடைப்பது அரிது. இந்த வருஷம் தெளிக்காமல் விட்ட தன் வயலை அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். சுற்றியிருந்த வயல்காரர்கள் உளுந்து மிதிபடுமே என்று கவலைப்பட்டது நியாயம். ராக்கெட் எங்கே விழுந்தாலும் ஓரிருவர் மட்டும் வரப்பிலேயே போய் எடுப்பது என்று அவர்கள்தான் வழி சொன்னார்கள். மின்கம்பியில் மாட்டினால் எவரும் கிட்டப் போகக்கூடாது என்று நம் லைன்மேன் தம்பி கண்டிப்பாகச் சொல்லி, ஏவும் இடத்தையே கம்பியிலிருந்து தள்ளிப் போடவைத்தார். கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி தந்து உதவிய வெல்டிங் பட்டறைக்கும், காலை ஆகாரம் கொடுத்த மகளிர் குழுவுக்கும் நன்றி.

மகளிர் குழு அக்கா ஒருவர் செய்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை "மூன்று" வரை வந்துவிட்டது. ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஒரு சின்னப் பெண், ஏவும் இடத்தைச் சுற்றிப் பிடித்திருந்த கயிற்றுக்குள் நுழைந்ததை அவர்தான் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில், ராக்கெட்டின் பூட்டை விடுவிக்கும் இழுகயிற்றைப் பிடித்திருந்த மாணவி கையை விட்டுவிட்டாள். குழந்தையை வெளியே கூட்டி வந்த பிறகு முதலிலிருந்து எண்ணினோம்.

கயிறு இழுத்தும் பூட்டு விடாமல் ஒரு ராக்கெட் அப்படியே நின்றது. மருந்து மோட்டார் பற்றாமல் போனால் 60 வினாடி எவரும் நெருங்கக்கூடாது என்பது மாடல் ராக்கெட் விதி. அதையே நாங்களும் வைத்துக்கொண்டோம். பிறகு பம்ப் பக்கத்து வால்வைத் திறந்து காற்றை இறக்கினோம். பிள்ளைகள் பொறுமை இழக்காமல் இருந்ததற்குக் காரணம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா. 1963 நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பாவிலிருந்து, இந்திய மண்ணிலிருந்து முதல் விண்வெளி ஆய்வு ராக்கெட் கிளம்பியதையும், அந்தக் காலத்தில் ராக்கெட் பாகங்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனதையும் சொன்னார். சைக்கிள் கடை அண்ணனைப் பிள்ளைகள் அப்போது பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

ஒரு வேண்டுகோள். நீல இறக்கை வைத்த ராக்கெட் ஒன்று வாய்க்கால் கரைத் தென்னையில் சிக்கியிருக்கிறது. அடுத்த முறை தேங்காய் பறிக்கும்போது இறக்கித் தருவதாக மரத்துக்காரர் சொல்லியிருக்கிறார், அவருக்கும் நன்றி. அதுவரை எந்தப் பிள்ளையையும் மரமேற விடாதீர்கள். வேறு எங்காவது கிடைத்தால் சைக்கிள் கடையில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
சாரணர் பொறுப்பாசிரியர்