டிரைவரை நீக்கும் முன் ஐபி முகவரியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு நிறுவனங்களின் கணினிப் பராமரிப்பு பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, நெட்வொர்க் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டினால், டிரைவரை, அதாவது பிரிண்டரை இயக்கக் கணினியில் நிறுவும் மென்பொருளை, நீக்கிவிட்டு மீண்டும் நிறுவும்படி சொல்கிறது. இத்தகைய அலுவலகங்களின் கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில், அந்த யோசனை கோளாறின் வேரைத் தொடவில்லை என்றே கருதுகிறேன். மீண்டும் நிறுவும்போது கணினி பிரிண்டரைப் புதிதாகத் தேடிக் கண்டுபிடிப்பதால் அன்றைக்கு அச்சு வந்துவிடும். ஆனால் அடுத்த மின்தடைக்குப் பிறகு அதே கோளாறு தலைகாட்டும்.

இதற்குப் பெரும்பாலும் காரணம், நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி மாறிவிடுவதுதான். ரவுட்டர், டிஹெச்சிபி என்னும் தானியங்கி முறையில், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே வழங்குகிறது. ரவுட்டர் அணைந்து எழுந்தாலோ, பிரிண்டர் சில நாள்கள் அணைந்தே கிடந்தாலோ, அதற்கு வேறு முகவரி கிடைக்கலாம். கணினியோ பழைய முகவரிக்கே பக்கங்களை அனுப்பிக்கொண்டிருக்கும். அச்சு வரவில்லையே என்று ஊழியர்கள் திரும்பத் திரும்பக் கட்டளை கொடுக்க, எல்லாம் வரிசையில் தேங்கி, இணைப்பு சரியானதும் ஒரே பில் அடுக்கடுக்காக வந்து விழும்.

இதைக் கண்டறிய வெளியாள் தேவையில்லை. பெரும்பாலான பிரிண்டர்களின் மெனுவிலிருந்தே நெட்வொர்க் விவரத் தாளை அச்சிடலாம். அத்தாளில் 192.168.1.23 என்றிருந்து, கணினியில் அந்தப் பிரிண்டரின் போர்ட் பகுதியில் (பக்கங்களை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று பதிந்திருக்கும் இடம்) 192.168.1.14 என்றிருந்தால், டிரைவரில் குற்றமில்லை. தாளில் உள்ள முகவரி 169.254 என்று தொடங்கினால் பிரிண்டருக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது கேபிளையும், கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச்சையும், வைஃபை கடவுச்சொல்லையும்தான் பார்க்க வேண்டும். பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும் என்பதும், விருந்தினர் வைஃபையில் இருக்கும் மடிக்கணினிக்கு அலுவலகப் பிரிண்டர் பெரும்பாலும் தெரியாது என்பதும் இங்கே நினைவில் வைக்கத்தக்கவை.

நிலையான தீர்வு, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (தயாரிப்பின்போதே கருவிக்குத் தரப்படும் அடையாள எண்) ஓர் ஐபி முகவரியை ஒதுக்கி, கணினிகளின் போர்ட்டிலும் அதையே பதிந்துவிடுவது. சிலர் பிரிண்டரிலேயே ஏதோ ஒரு முகவரியைத் தட்டி வைத்துவிடுகிறார்கள்; அது ரவுட்டர் பிறருக்கு வழங்கும் எண்களுக்குள் அமைந்தால், ஒரே முகவரிக்கு இரண்டு கருவிகள் உரிமை கொண்டாடி, கோளாறு வந்துவந்து போகும். அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

கட்டுரை தொடாத ஆபத்து ஒன்றும் உண்டு. விண்டோஸின் அச்சுச் சேவையில் பாதுகாப்பு ஓட்டைகள் வெளிப்பட்ட 2021ஆம் ஆண்டில், மைக்ரோசாஃப்ட் அவற்றை அடைக்கப் பல புதுப்பிப்புகளை வெளியிட்டது. செப்டம்பர் மாதப் புதுப்பிப்புக்குப் பின், ஒரு கணினியில் யுஎஸ்பி வழியாக இணைத்துப் பிறருக்குப் பகிர்ந்திருந்த பிரிண்டர்கள் பல இடங்களில் வேலை செய்யாமல் போயின. அப்போது புதுப்பிப்பை நீக்குவதும், விண்டோஸின் உள்ளமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில், அந்தப் புதுப்பிப்பு தந்த பாதுகாப்பை அணைத்து வைப்பதும் எளிய வழிகளாகப் பரவின. அப்படி அணைத்ததை இன்றுவரை மாற்றாத அலுவலகங்கள் இருக்கக்கூடும். கணக்குகளும் வாடிக்கையாளர் விவரங்களும் இருக்கும் கணினியில் அச்சுக்காகக் கதவைத் திறந்து வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நெட்வொர்க் வசதியுள்ள பிரிண்டரானால், பகிர்வைக் கைவிட்டு அதை நேரடியாக ரவுட்டருடன் இணைப்பதே முறை.

ரவுட்டரில் முகவரி ஒதுக்கும் முறையைப் படங்களுடன் அடுத்த இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளரான வாசகர்