ஞாயிறு கடற்கரைப் பயிற்சி: தன்னார்வலர்கள் கவனத்துக்கு

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்குக் கடல் பாதுகாப்பு சொல்லித்தர, ஞாயிறு காலை 6 மணிக்குத் தரங்கம்பாடி கடற்கரைக்கு வந்துவிடுங்கள்.

முதலில் கொடி விளையாட்டு. பிள்ளைகள் மணலில் நட்ட கொடிகள் பக்கம் கால் நீட்டிக் குப்புறப் படுத்து, விசில் கேட்டதும் எழுந்து திரும்பி ஓடிப் பறிக்க வேண்டும். ஆளைவிடக் கொடி ஒன்று குறைவு. ஆஸ்திரேலியாவில் 'நிப்பர்ஸ்' என்னும் கடல் உயிர்காப்புப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் ஆடுவதும் இதுதான். நம்ம பசங்களுக்கு மணலில் ஓடச் சொல்லித்தரவா வேண்டும்!

அப்புறம் இழுப்பு நீரோட்டம், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் ஆளை இழுத்துப் போகும் நீரோட்டம். இதற்குத்தான் நிதானமாக நேரம் ஒதுக்குங்கள். கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துப்போவார்கள். பதறாமல் மிதந்து கையை உயர்த்துவது, தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக நீந்தி விலகுவது, இரண்டையும் மணலிலேயே நடித்துப் பார்க்கட்டும். யாராவது தத்தளித்தால் பிள்ளைகள் காப்பாற்றத் தண்ணீரில் குதிக்கக் கூடாது. பெரியவர்களைக் கூப்பிட்டு, காலி கேனையோ கயிற்றையோ வீசி, அவசர எண் 112க்கு அழைக்க வேண்டும்.

முழங்காலுக்கு மேல் தண்ணீரில் யாரையும் இறக்காதீர்கள். வர முடியாதவர்கள் சனி மாலைக்குள் சொல்லிவிடுங்கள்.