ஜூனியர் செய்யும் வேலை இயந்திரத்துக்குப் போனால்

ஆசிரியருக்கு வணக்கம்.

வழக்கறிஞர் தொழிலில் செயற்கை நுண்ணறிவு நுழைந்திருப்பதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் போலித் தீர்ப்புகளோடு நின்றுவிடுகிறது. 2023-இல் நியூயார்க் நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில், விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக எழுதிக் கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நம் நாட்டிலும், பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் பிறப்பித்த ஓர் உத்தரவு, அதில் காட்டப்பட்டிருந்த தீர்ப்புகள் இல்லாதவை என்று தெரிந்ததும் திரும்பப் பெறப்பட்டது. இவை கவலைக்குரியவைதான். ஆனால் இல்லாத தீர்ப்பை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தேடினாலே குட்டு வெளிப்பட்டுவிடும். அதைவிடப் பெரிய இழப்பு யார் கண்ணிலும் படாமல், சீனியரிடம் தொழில் பழகும் ஜூனியர்களின் மேசையில் நிகழ்கிறது என்பதே, மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குகள் நடத்திவரும் என்னுடைய கருத்து.

ஜூனியராகச் சேர்பவர் முதல் சில ஆண்டுகளில் செய்வது வாய்தா வாங்குவதும், வழக்குக் கட்டைப் படித்துத் தேதிவாரியாகக் குறிப்பு எடுப்பதும், சட்ட இதழ்களைப் புரட்டித் தீர்ப்பு தேடுவதும், பிராது வரைவு எழுதிச் சீனியரிடம் திருத்தம் வாங்குவதும்தான். சலிப்பூட்டும் இந்த வேலைகள்தான் உண்மையில் தொழிலைக் கற்றுக்கொடுக்கின்றன. இன்று செயலிகள் முதலில் எடுத்துக்கொள்வதும் இவற்றையே.

அண்மையில் ஓர் இளம் வழக்கறிஞர், பழைய தான செட்டில்மெண்ட் பத்திரம் ஒன்றுக்குச் செயலி தயாரித்த சுருக்கத்தைக் காட்டினார். சொத்து மனைவிக்கு எழுதி வைக்கப்பட்டதாக அதில் இருந்தது. மூலப் பத்திரத்திலோ, அந்த அம்மாள் ‘ஜீவனத்துக்காக ஆயுள் பரியந்தம் யாதொரு வில்லங்கமும் பராதீனமும் செய்யாமல் அனுபவித்துக்கொண்டு’, அதாவது வாழ்நாள் முழுவதும் அடகு வைக்காமலும் விற்காமலும், வர வேண்டும் என்றும், அவர் காலத்துக்குப் பின் பிள்ளைகள் சர்வ சுதந்திர பாத்தியமாக, அதாவது முழு உரிமையோடு, அடைய வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அந்த அம்மாள் பின்னர் செய்துகொடுத்த கிரயம் செல்லுமா என்பதுதான் வழக்கே. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் முதல் உட்பிரிவு பொருந்தினால் அவருக்கு முழு உரிமை உண்டு. இரண்டாவது பொருந்தினால் ஆயுட்கால அனுபவம் மட்டுமே. ஏற்கெனவே இருந்த ஜீவனாம்ச உரிமைக்குப் பதிலாகத்தான் சொத்து கொடுக்கப்பட்டதா என்பதைப் பொறுத்தே அது முடிவாகும் என்று துளசம்மா வழக்கில் 1977-இலேயே உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. அதைத் தீர்மானிக்க உதவும் வாசகம் அந்தச் சுருக்கத்தில் இல்லவே இல்லை. பத்திரத்தை வரிவரியாகப் படித்துப் பழகாதவருக்கு, விடுபட்டது எது என்பதே தெரியாது.

குற்றவியல் தரப்பில் அபாயம் வேறு வகையானது. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482-ஆம் பிரிவு என்பது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கோரும் மனுக்கள் அதன்கீழ்தான் தாக்கலாயின. புதிய நடைமுறைச் சட்டத்தில் அதே 482 முன்ஜாமீனுக்கு உரியது. உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது. பல்லாண்டுத் தீர்ப்புகள் அத்தனையும் பழைய எண்களைக் கொண்டே பேசுவதால், அவற்றைப் படித்து வளர்ந்த இயந்திரம் இரண்டையும் குழப்பிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு.

இந்தக் கருவிகளை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விலை மிகுந்த தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்ட முடியாத சிற்றூர் வழக்கறிஞருக்கு அவை பெரும் துணை. உச்ச நீதிமன்றம் 2019-இல் தொடங்கிய சுவாஸ் மொழிபெயர்ப்பு மென்பொருளும், 2023-இல் இலவசமாகத் திறந்துவிட்ட மின்னணுத் தீர்ப்புத் தொகுப்பும் உண்மையிலேயே வரவேற்கத்தக்கவை. ஆனால் கட்சிக்காரர் நம்பி ஒப்படைத்த ஆவணங்களைப் பொதுச் செயலியில் அப்படியே பதிவேற்றும் வழக்கம் பரவுவதை ஏற்க முடியாது. அவருடைய ரகசியத்தைக் காப்பது வழக்கறிஞரின் சட்டக் கடமை.

இன்னொரு கவலையும் உண்டு. ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் கிராமப் பகுதிகளில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தர வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் 2024-இல் பரிந்துரைத்தது. அதைக் கொடுப்பதற்குப் பதில் ஒரு செயலிக்குச் சந்தா கட்டினால் போதும் என்று சீனியர்கள் நினைக்கத் தொடங்கினால், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத்தான் கதவு முதலில் அடைபடும். குடும்பத்தில் வழக்கறிஞர் உள்ளவருக்குப் பயிற்சி வீட்டிலேயே கிடைத்துவிடும்.

சட்டக் கல்லூரிகளில் வரைவு எழுதுதல் கட்டாயச் செய்முறைப் பாடம். அதன் ரெக்கார்டு நோட்டு முன்பு பழைய நோட்டைப் பார்த்து எழுதப்பட்டது. இன்று செயலியைப் பார்த்து எழுதப்படுகிறது. நோட்டுக்கு மதிப்பெண் போடுவதைக் குறைத்து, மாணவரிடம் ஒரு பழைய பத்திரத்தையும் அதற்கு இயந்திரம் தந்த சுருக்கத்தையும் கொடுத்து, விடுபட்டவை எவை என்று வாய்மொழித் தேர்வில் கேட்க வேண்டும். நீதிமன்றங்களுக்கு விதி வகுக்கும் முயற்சியும் தொடங்கிவிட்டது. தீர்ப்பின் முடிவை எட்டச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது என்று, 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கு வகுத்த கொள்கையில் கேரள உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞர்களுக்கும் அத்தகைய விதி தேவை. மேற்கோள் காட்டும் ஒவ்வொரு தீர்ப்பையும் முழுமையாகப் படித்ததாக, மனுவின் கீழேயே வழக்கறிஞர் சான்றளித்துக் கையொப்பமிட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் தமிழ்நாடு பார் கவுன்சிலும் விதி செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
கும்பகோணம்.