போர்டு நிற்கும், ஸ்க்ரூ நிற்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வீட்டு முகப்புக்கும் மொட்டைமாடி அறைகளின் வெளிச்சுவருக்கும் ஃபைபர் சிமென்ட் போர்டு (சிமென்டில் நார் கலந்து செய்த தகடு) அடிப்பதை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். கரையான் அரிக்காது, தீப்பிடிக்காது, செங்கல் சுவரின் எடையும் கிடையாது. எல்லாம் உண்மைதான். ஆனால் "ஐம்பது வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்று கடையில் சொல்வது போர்டுக்கு மட்டும்தான் பொருந்தும். கடலோரத்தில் முதலில் கெடுவது ஸ்க்ரூ, அடுத்து வெட்டிய ஓரம், பிறகு இணைப்பு. இந்த மூன்றையும் பற்றிக் கொட்டேஷனில் பெரும்பாலும் ஒரு வரிகூட இருப்பதில்லை.

போர்டு வாங்கும்போது ஐ.எஸ். 14862 என்ற இந்தியத் தர முத்திரையையும் 'ஏ' ரகமா என்பதையும் பாருங்கள். 'பி' ரகம் வீட்டுக்குள் தடுப்புக்கும் சீலிங்குக்கும் உரியது. வெயில், மழைக்கு ஆகாது. வெளிச்சுவருக்கு 8 மி.மீ. கனத்துக்குக் குறைய வேண்டாம். வந்த சரக்கைத் தெருவில் சாய்த்து வைத்து மழையில் நனையவிடுவது சர்வசாதாரணம். நனைந்த போர்டை அப்படியே அடித்தால் காயும்போது சுருங்கி இணைப்பு விரியும். பிறகு பெயின்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஸ்க்ரூ விஷயத்துக்கு வருவோம். ஜிப்சம் வேலைக்கான கறுப்பு ஸ்க்ரூவையே வெளியிலும் முடுக்கிவிடுகிறார்கள். அதன் மேல் இருப்பது மெல்லிய பாஸ்பேட் பூச்சு. காசிமேட்டு உப்புக் காற்றுக்கு அது எந்த மூலைக்கு? தலைக்குக் கீழே பழுப்புக் கோடு ஒழுக ஆரம்பித்தால் உள்ளே தண்டும் இளைக்கிறது என்று அர்த்தம். கடலை ஒட்டிய தெருக்களுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூதான் சரி. போர்டைத் தாங்கும் சட்டமான சேனலும் நல்ல கனமான துத்தநாகப் பூச்சுள்ள இரும்பாக (ஜி.ஐ.) இருக்கட்டும், வெட்டிய முனைகளில் ஜிங்க் பெயின்ட் தடவச் சொல்லுங்கள்.

எண்ணிக்கையிலும் கஞ்சத்தனம் கூடாது. எட்டுக்கு நாலு அடி ஷீட்டில் 16 அங்குலத்துக்கு ஒரு சேனல் என்றால் 4 சேனல் வரும். ஓரத்துச் சேனலில் 8 அங்குலத்துக்கு ஒன்று, நடுவில் 12 அங்குலத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் ஷீட்டுக்கு 44 ஸ்க்ரூ. பாதியில் முடித்துவிட்டு 'ஸ்ட்ராங்கா இருக்கு' என்பார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்ததை மறந்துவிடக் கூடாது. புயல் காற்று சுவரைத் தள்ளுவதோடு விடுவதில்லை. கட்டடத்தின் மூலைகளில் போர்டை வெளியே உறிஞ்சி இழுக்கும். மூலையில் இன்னும் நெருக்கமாக அடிப்பது நல்லது. ஸ்க்ரூ தலை போர்டு மட்டத்தோடு நிற்க வேண்டும். உள்ளே புதைந்தால் பிடிமானம் போய்விடும்.

இந்தப் போர்டை மெல்லிய படலங்களாகச் சேர்த்துத்தான் ஆலையில் தயாரிக்கிறார்கள். அதனால் வெட்டிய ஓரம் தண்ணீரைக் குடித்தால் நாளடைவில் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரியும். வெட்டியவுடன், மாட்டுவதற்கு முன்பே, ஓரத்துக்கு பிரைமர் அடிப்பது ஐந்து நிமிட வேலை. மாட்டிய பின் அந்த ஓரத்துக்குக் கை எட்டாது. தளத்திலிருந்து 6 அங்குலம் மேலே போர்டு நிற்கட்டும். போர்டுக்கும் சுவருக்கும் நடுவே முக்கால் அங்குலக் காற்று இடைவெளி விட்டு, கீழே திறந்தே வையுங்கள். பார்க்க நன்றாக இல்லை என்று அந்தக் கீழ் இடைவெளியைச் சிமென்ட் பூசி அடைப்பவர்கள், உள்ளே இறங்கிய தண்ணீருக்கு வெளியே வர வழியில்லாமல் செய்துவிடுகிறார்கள்.

இணைப்பில் பட்டி வைத்துத் தேய்ப்பது இன்னொரு வழக்கம். போர்டு ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும். பட்டிக்கு இழுபடத் தெரியாது, முதல் ஐப்பசி மழையிலேயே கோடு விழும். 5, 6 மி.மீ. இடைவெளி விட்டு, உள்ளே ஃபோம் கயிறு திணித்து, மேலே பெயின்ட் ஏற்கும் பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் என்ற இழுபடும் பசையைப் போட வேண்டும். சாதாரண சிலிக்கான் மேல் பெயின்ட் ஒட்டாது.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. பொங்கலுக்குப் பிறகு ஒரு முறை, மே மாதம் ஒரு முறை, குழாய்த் தண்ணீரில் மென்மையான பிரஷ் வைத்து உப்பையும் தூசியையும் கழுவினால் போதும். தாழ்வாரத்துக்கு அடியில் மழை படாத இடத்தில்தான் உப்பு அதிகம் தங்கும், அதை விட்டுவிடாதீர்கள். டைல்ஸ் கழுவும் ஆசிட் போர்டில் படவே கூடாது, சிமென்டைத் தின்றுவிடும். பிரஷர் பம்பும் வேண்டாம். செப்டம்பரில் சீலன்டைப் பார்த்து, விட்டுப்போன இடத்தைச் சுரண்டிப் புதிதாகப் போடுங்கள். சுவரைத் தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. துருப்பிடித்த ஸ்க்ரூவைக் கழற்றி, ஓர் அங்குலம் தள்ளிப் புதியதை அடிக்கலாம். அடுக்குப் பிரிந்த போர்டை ஒட்ட வைக்க முடியாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்தப் போர்டில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லையென்றாலும் சிலிக்கா உண்டு. மெஷினில் உலர்வாக வெட்டும்போது பறக்கும் தூள் நுரையீரலில் தங்கிக் கெடுக்கும். குறுகிய சந்துகளில் அது பக்கத்து வீட்டுக்குள்ளும் போகும். தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். நேர் வெட்டுக்கு மெஷினே வேண்டாம். கார்பைடு கத்தியால் ஆழமாகக் கீறி மடக்கினால் 8 மி.மீ. போர்டு உடைந்துவிடும். வெட்டுபவருக்கு என்-95 மாஸ்க் வாங்கிக் கொடுக்க வேண்டியது ஒப்பந்ததாரரின் பொறுப்பு.

இப்படிக்கு,
கட்டட வேலை மேற்பார்வையாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81.