கோயில் கணக்கில் படத்துக்கும் ஒரு வரி போடுங்கள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உள்ள கோயில் நிர்வாகத்தினருக்கும் தமிழர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

திருவிழா முடிந்ததும் கூட்டம் போட்டுக் கணக்கு வாசிப்பீர்கள். கூடாரம், மைக்செட், பூ, நாதஸ்வரக் குழு, அன்னதானத்துக்கு அரிசி பருப்பு என்று எல்லாவற்றுக்கும் பில் இருக்கும். என்னைப் போலப் புகைப்படம் எடுத்தவனுக்கு மட்டும் பெரும்பாலும் இருக்காது. "கோயில் காரியம்தானே தம்பி, முருகன் பார்த்துக்குவாரு" என்று சொல்லி அனுப்பியிருப்பீர்கள். முருகன் பார்த்துக்கொள்வார் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. கார் லோன் கொடுத்த வங்கிக்குத்தான் அந்த நம்பிக்கை போதவில்லை.

இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. மற்ற மாதங்களிலும் முகூர்த்தம் சனி ஞாயிறுக்குள் அடங்க வேண்டும் என்பதால் ஒரே நாளுக்கு நாலு பேர் கூப்பிடுவார்கள், பிறகு வாரக்கணக்கில் போன் அடிக்காது. வணிகங்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் வணிகப் பெயரைப் புதுப்பிக்க ஆண்டுக்கு 60 ரிங்கிட், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சுயதொழில் திட்டத்துக்குச் சந்தா, ஓய்வுக்காலத்துக்கு ஈபிஎஃப் சேமநிதியில் போட்டால் அதுவும் கைக்காசு. கேமராவும் லென்ஸும் வெளிநாட்டுச் சரக்கு. ரிங்கிட் இறங்கினால் அவற்றின் விலை ஏறும், கல்யாண வீட்டார் தரும் தொகை ஏறாது.

தைப்பூச வேலையைக் கூடவே நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பினால் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்ச் சேர நாள் முழுக்க ஆகும். வழியெல்லாம் குவித்து வைத்த தேங்காய்கள் உடைபட்டுக்கொண்டே இருக்கும். தெறிக்கும் தேங்காய்த் தண்ணீரை உடனே துடைக்காவிட்டால் காய்ந்து, லென்ஸின் ஜூம் வளையம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு திரும்ப மறுக்கும். இருட்டிய பிறகு சாம்பிராணிப் புகையில் ஆட்டோஃபோகஸ் முகத்தை விட்டுவிட்டுப் புகையைப் பிடிக்கும். தண்ணீர்ப் பந்தல்களில் கட்டியிருக்கும் எல்இடி விளக்குகள், ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகளாக விழும். குறைத்தாலோ காவடி ஆட்டம் கலங்கிப்போகும். இத்தனைக்கும் நடுவில் அலகு குத்தும் அந்த நொடியில் பக்தரின் முகம் கிடைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஆயிரக்கணக்கான படங்களில் நல்லதைப் பொறுக்கி நிறம் சரிசெய்வது தனி வேலை, அது யார் கண்ணிலும் படாது. "பையன் ஐபோன்லயே எடுத்துடுவான்" என்று பேரம் பேசுகிறவர்கள் தாராளமாகப் பையனையே அனுப்பலாம், எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு இடத்தில். ஒரு சங்கத்தின் திருவிழா பேனரில் என் படத்தைப் பார்த்தேன். மூலையில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் தலைவர் கைகூப்பி நிற்கிறார். கேட்டதற்கு, "பேஸ்புக்ல இருந்துச்சு, எடுத்தோம்" என்றார்கள். தலைவரின் படமும் நன்றாகத்தான் வந்திருந்தது. பாவம், அதை எடுத்தவர் பெயரும் எங்கும் இல்லை.

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைப் பொறுப்பாளர் ஒருவராவது ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். அதன் 26ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டு எடுத்துக்கொடுத்த படத்தின் உரிமை, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லையென்றால், கேட்டவருக்கே போய்விடுகிறது. முறையாக அழைத்தால் சட்டமே உங்கள் பக்கம் என்று அர்த்தம். கூலி எவ்வளவு என்று அந்தப் பிரிவு விசாரிப்பதில்லை. ஆகவே சேவை என்று சொல்லி என்னை எடுக்கச் சொன்னால் எனக்குக் காசும் இல்லை, உரிமையும் இல்லை. யாரும் அழைக்காமல் நானாகத் தெருவில் நின்று எடுத்த படம் என்னுடையது. பேஸ்புக்கில் போட்டதால் பொதுச்சொத்து ஆகிவிடாது. உரிமை கைமாறிய படத்துக்கும் 25ஆவது பிரிவு உண்டு: எடுத்தவர் சம்மதமில்லாமல் அவர் பெயரை விட்டுவிட்டு வெளியிடக்கூடாது.

இலவசமாகவே எடுக்கமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. இடம் பறிபோகப்போகிற எஸ்டேட் கோயிலுக்கு, கூப்பிடாமலே கேமராவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன், இனியும் போவேன். பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம் வாங்கி வழவழப்பான தாளில் திருவிழா மலர் போடுகிற நிர்வாகம் அதே சலுகையைக் கேட்கும்போதுதான் எரிச்சல் வருகிறது.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். எத்தனை மணி நேரம், எத்தனை படம், பேனருக்கா மலருக்கா பேஸ்புக்குக்கா, தொகை எவ்வளவு என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். பாதியை முன்பணமாகக் கொடுங்கள், மீதியைப் படங்கள் கைக்கு வரும் அன்றே தீர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பொருளாளர் வீட்டு வாசலில் நிற்பது எனக்கும் அசிங்கம், அவருக்கும் அசிங்கம். படத்தின் கீழே எடுத்தவர் பெயர் வரட்டும். பேஸ்புக்கில் ஒரு படம் பிடித்திருந்தால் எடுப்பதற்கு முன் ஒரு வாட்சாப் அனுப்புங்கள். பாதி நேரம் சும்மாவே கொடுத்துவிடுவோம்.

அந்தத் தாளைத் தமிழில் நானே எழுதி வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். அடுத்த தைப்பூசச் செலவுத் திட்டம் போடும் கூட்டத்துக்கு முன் கேட்டால் அனுப்பிவைக்கிறேன். தொகை எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
பினாங்கிலிருந்து ஒரு புகைப்படக்காரன்