உழாமல் விட்டவர்களுக்கு நன்றி

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பொது மேய்ச்சல் நிலங்களைக் காத்துவரும் அனைவருக்கும்,

வணக்கம்.

சித்திரை பிறந்ததும் நல்லேர் பூட்டி முதல் சால் ஓட்டும் ஊரில் வளர்ந்தவன் நான். உழாத நிலம் தரிசு, உழாதவன் சோம்பேறி. இதற்கு மேல் எங்கள் பக்கத்தில் பேச்சுக்கு இடமில்லை. ஒரு மண்ணை உழாமல் விட்டதற்காக நீ ஒருநாள் நன்றி மடல் எழுதுவாய் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இந்த மாகாணத்தின் தலைநகரான ரெஜைனாவில் குடியேறிய பிறகு உங்களோடு பழகி, எழுதவே வேண்டும் என்றாகிவிட்டது. 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. இதற்கு மேலும் தள்ளிப்போட எனக்குச் சாக்கு இல்லை.

முதல் நன்றி, குதிரை மேல் காலம் கழித்த ரைடர்களுக்கு. இவர்கள் யார் என்பதை நம் தமிழ் வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். 1857 முதல் 1860 வரை இந்தச் சமவெளியைச் சுற்றிப் பார்த்த ஜான் பாலிசர், இதன் தென்பகுதி பயிர்த்தொழிலுக்கு ஏற்றதல்ல என்று எழுதிவைத்தார். அதைப் பொருட்படுத்தாமல் குடியேற்றக்காரர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். அவர்களும் புல்லைப் புரட்டிக் கோதுமை விதைத்தார்கள். 1930களில் மழை பொய்த்தபோது, பிடித்துவைக்க வேர் இல்லாத மேல்மண் காற்றோடு கிளம்பியது. பண்ணைகள் காலியாயின. 1935இல் கூட்டாட்சி அரசு புல்வெளிப் பண்ணை மறுவாழ்வுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் கீழ்தான் கைவிடப்பட்ட நிலங்களும் உழவே படாத புல்வெளிகளும் வேலியிடப்பட்டுப் பொது மேய்ச்சல் நிலங்களாக மாறின. சிறு பண்ணைக்காரர்கள் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்திக் கோடையில் மாடுகளை விடலாம். தனியாகப் பொலிகாளை வாங்க முடியாதவர்களுக்குக் காளையும் அங்கேயே இருந்தது.

இத்தனையையும் நடத்தியவர்கள் அரசுச் சம்பளம் பெற்ற மேலாளர்களும் ரைடர்களும். வேலி அறுந்ததா, குட்டையில் நீர் இருக்கிறதா, எந்தக் கன்று நொண்டுகிறது, மந்தையை எப்போது அடுத்த பகுதிக்கு ஓட்டுவது, எல்லாம் அவர்கள் பொறுப்பு. புல்லில் பாதியை மாடு தின்னட்டும், பாதி நிற்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. கூடுதலாக ஒரு மாட்டை விட்டால் அவர்களுக்குக் கூடுதலாக ஒரு காசும் கிடைக்காது. புல் பிழைத்ததற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் துணிபு. சஸ்காச்சுவானின் இயற்கைப் புல்வெளியில் இன்று எஞ்சியிருப்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த எச்சத்தின் பெரிய, துண்டாடப்படாத பரப்புகள் பல இந்த நிலங்களில்தான் இருக்கின்றன.

2012இல் கூட்டாட்சி அரசு இத்திட்டத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. சஸ்காச்சுவானில் மட்டும் 62 மேய்ச்சல் நிலங்கள், ஏறத்தாழ 17 லட்சம் ஏக்கர்; அவற்றில் பெரும்பாலானவை படிப்படியாக மாகாணத்தின் கைக்கு வந்தன. ரைடர்களின் பணியிடங்கள் போயின. 2017இல் மாகாணமும் தான் நடத்திவந்த மேய்ச்சல் திட்டத்தை மூடப்போவதாகச் சொன்னது. பல ஆண்டுகள் ஒரே நிலத்தைக் காத்து, எந்தச் சரிவில் எந்தப் பறவை கூடு கட்டும் என்று தலைக்குள் வைத்திருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிய சிக்கனத்தில் எவ்வளவு மிச்சமானதோ! போகும்போதும் அவர்களில் சிலர் புதிதாக வந்தவர்களுக்கு வேலியோரம் வேலியோரமாக நிலத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெருந்தன்மைக்குத் தனியாக ஒரு கும்பிடு.

ரைடர்கள் போன பிறகு அந்த நிலங்களைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் மாட்டுப் பண்ணையாளர்களுக்கு அடுத்த நன்றி. உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. பொதுச் சொத்தின் பராமரிப்புச் செலவைப் பொதுமக்கள் ஏற்க வேண்டும், உங்கள் தலையில் கட்டியது தவறு என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் வறட்சி வந்த ஆண்டில் மந்தையைக் குறைத்துக்கொண்டு புல்லை விட்டுவைத்தவர்கள் உங்களில் உண்டு. அதற்கு நீங்கள் கொடுத்த விலை உங்கள் வீட்டுக் கணக்கில் இருக்கிறது, அரசின் கணக்கில் இல்லை. கன்றுக்குட்டி விற்பனையின் பரபரப்பிலும் எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்துப் பேசிய பெண்மணிகளையும் மறக்கவில்லை.

பறவை அன்பர்களுக்கு என்ன சொல்வது? வானில் புள்ளியாக நின்று அரை மணி நேரத்துக்கும் மேல் பாடும் ஸ்பிரேக் நெட்டைக்காலியை எனக்குக் காட்டியவர்கள் நீங்கள். உழுத நிலத்தை அது பெரும்பாலும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தரையணிலும் வளைக்கரடியும் தோண்டிப்போட்ட வளைக்குள் குடியிருக்கும் ஆந்தை, வாசலில் சாணத்தைப் பரப்பிவைத்துச் சாணவண்டுகளை வரவழைத்துத் தின்னும் தந்திரத்தையும் உங்களிடம்தான் கேட்டேன். வாசலில் சாணம் தெளிக்கும் வழக்கம் எங்களுடையது மட்டும் என்று எண்ணியிருந்தேன்! இந்த ஆந்தைக்காக 'நேச்சர் சஸ்காச்சுவான்' அமைப்பு 1987 முதல் நடத்திவரும் திட்டத்தில், நில உரிமையாளர்கள் கைகுலுக்கி ஒப்புக்கொள்வதோடு சரி: ஆந்தை இருக்கும் புல்லை உழமாட்டோம் என்று. அப்படிக் கைகொடுத்தவர்களுக்கும் என் நன்றி.

மேய்ச்சல் நிலங்கள் விற்பனைக்குப் போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தபோது 'பப்ளிக் பாஸ்சர்ஸ் – பப்ளிக் இன்டரஸ்ட்' என்ற பெயரில் கூடிய பண்ணையாளர்கள், இயற்கை ஆர்வலர்கள், அறிவியலாளர்கள் ஆகியோருக்கும் நான் கடன்பட்டவன். தென்மேற்கு மூலையில் உள்ள கோவன்லாக், நாஷ்லின், பாட்டில் கிரீக் ஆகிய மூன்று நிலங்கள், ஏறத்தாழ 80,000 ஹெக்டேர், கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் துறையிடமே நிலைத்தன. சேஜ் கிரௌஸ் என்ற அருகிய பறவைக்கு அந்தப் பக்கம் கடைசிப் புகலிடங்களுள் ஒன்று. அங்கும் மாடுகள் மேய்கின்றன, மேயவும் வேண்டும். காட்டெருமை மந்தைகள் மேய்ந்து உருவான புல் இது. வாயே படாமல் விட்டாலும் அதன் இயல்பு மாறிவிடும்.

முதற்குடியினரும் ஐரோப்பியரும் கலந்து உருவான மேட்டி மக்களின் மூத்தவர்களுக்கு நன்றி சொல்லும்போது குரல் சற்றுத் தாழ்கிறது. நான் புகழும் இதே திட்டத்துக்காக 1930களின் இறுதியில் பக்கத்து மாகாணமான மனிடோபாவில் செயின்ட் மடலைன் என்ற அவர்களுடைய ஊர் காலிசெய்யப்பட்டது. வீடுகளை எரித்தார்கள், நாய்களைச் சுட்டார்கள். வரி பாக்கி வைத்திருந்தவர்களுக்கு ஈட்டுத்தொகையும் இல்லை. ஆண்டுதோறும் அங்கே கூடி அதை நினைவுகூர்பவர்கள், வெளியாளான என்னையும் நம்பிச் சொன்னார்கள். பொது நிலம் என்று இனி நான் பேசும்போதெல்லாம் யாரிடமிருந்து வந்த பொது என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. இந்த மண்ணைப் பற்றி அரசோடு செய்துகொண்ட நான்காம், ஆறாம் உடன்படிக்கைகளில் கையொப்பமிட்ட முதற்குடியினருக்கும் இந்த நிலங்களின் எதிர்காலத்தில் முதல் வரிசை இடம் வேண்டும்.

கடைசியாக, எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கு. பார்ப்பதற்கு மலையுமில்லை, அருவியுமில்லை, வெறும் புல்லைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று முணுமுணுத்துக்கொண்டே புளிசாதம் கட்டிக்கொண்டு வந்தீர்கள். பிள்ளைகள் முழங்காலிட்டு நீல கிராமாப் புல்லின் புருவம் போன்ற கதிரைத் தேடினார்கள். பிறகு இந்த நிலங்களைக் காக்கச் சொல்லி அரசுக்கு நீங்கள் எழுதிய கடிதங்கள்தான் என்னை அசத்திவிட்டன. ஓர் அலுவலகத்திலிருந்து நம் எல்லோருக்கும் எழுத்துப் பிசகாமல் ஒரே பதில் வந்தது உண்மைதான். ஆனாலும் அந்த நகல்களைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். குத்தகை புதுப்பிக்கும் காலம் வரும், தேர்தலும் வரும். தேதியை மட்டும் மாற்றி அவற்றை மறுபடி அனுப்புவோம்.

அன்புடன்,
ரெஜைனாவில் வாழும் உங்கள் நண்பன்