பர்மிங்ஹாம் 16ஆவது தெரு பாப்டிஸ்ட் சபை வரலாறு: கூட நின்ன எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அமெரிக்காவுல அலபாமா மாநிலம் பர்மிங்ஹாம்ல இருக்குற, கறுப்பின மக்களோட 16ஆவது தெரு பாப்டிஸ்ட் சபையோட வரலாற நம்ம பிள்ளைங்க வாசிக்கட்டும்னு தமிழ்ல எழுத ஆரம்பிச்சேன்ல, அது நல்லபடியா முடிஞ்சிருச்சு. உதவி செஞ்சவங்களுக்கு நன்றி சொல்லாம அத வெளிய விட மனசு வரல.

முதல்ல லைப்ரரியில பழைய ஆவணம் பாக்குற செக்‌ஷன்ல இருக்கறவங்க. நான் கேட்காத பேப்பர் கட்டிங்கெல்லாம்கூட தேடி எடுத்து வச்சாங்க. இந்த சபைன்னாலே வெள்ளை இனவெறியர்கள் வச்ச குண்டுல நாலு சிறுமிகள் செத்துப்போன 1963 குண்டுவெடிப்புதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், ஆனா 1873லயே ஆரம்பிச்ச சபை இது, பழைய கட்டடத்த இடிக்கணும்னு நகராட்சி சொன்னப்புறம் வேலஸ் ரேஃபீல்டுங்கற கறுப்பின ஆர்க்கிடெக்ட் பிளான் போட்டு, விண்டம்ங்கற கறுப்பின கான்ட்ராக்டர் கட்டி, 26,000 டாலர் செலவுல 1911ல எழும்புனதுதான் இப்ப நிக்கிற கோயில்.

அடுத்து, சபையில சுத்திக் காட்டுன அந்த வயசான அம்மா. மாடிக்குக் கூட்டிட்டுப் போய் வேல்ஸ் ஜன்னல் முன்னாடி நிறுத்தி பொறுமையா சொன்னாங்க. குண்டு வெடிச்ச செய்திய கேட்டு மனசு தாங்காம ஜான் பெட்ஸ்ங்கற வேல்ஸ் நாட்டு கண்ணாடி ஓவியர் நான் ஒரு ஜன்னல் செஞ்சு தரேன்னாரு, வெஸ்டர்ன் மெயில் பத்திரிகை ஆசிரியர் டேவிட் கோல் வாசகர்கள்கிட்ட பணம் திரட்டுனாரு, ஆனா ஒருத்தரும் அரை கிரவுனுக்கு மேல போடக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு! அரை கிரவுன்னா ஒரு பவுண்டுல எட்டுல ஒரு பங்குதான். பணக்காரர் ஒருத்தரே மொத்தமா குடுத்துட்டா அது வேல்ஸ் ஜனங்களோட காணிக்கையா இருக்காதுன்னு அவருக்கு எண்ணம். 1965ல ஜன்னல் வந்து சேந்துச்சு. கைய விரிச்சு நிக்கிற கறுப்பு நிற இயேசு, வலது கை அநியாயத்த தள்ளுது, இடது கை மன்னிப்ப நீட்டுது, கீழ மத்தேயு 25:40, "எனக்கே செய்தீர்கள்". பேர் தெரியாத அந்த வேல்ஸ் ஜனங்களுக்கும் இந்த மடல்லயே என் நன்றி.

கோர்ட்டு விவகாரம் எனக்கு சுத்தமா பிடிபடல. வக்கீல் தம்பி ஒருத்தர்தான் உக்காந்து விளக்குனாரு. அலபாமா மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது அரசாங்கத்தோட தலைமை வக்கீல், பில் பாக்ஸ்லி குண்டுவெடிப்பு கேஸ திரும்ப எடுத்ததாலதான் 1977ல முதல் தண்டனையே வந்துச்சு, மத்த ரெண்டு பேருக்கு 2001, 2002 வரைக்கும் இழுத்துச்சு. அத நெனச்சா இன்னும் வயிறு எரியுது.

பிழை திருத்துன டீச்சர் அக்காவுக்கு ரொம்ப ரொம்ப நன்றி. குண்டுவெடிப்புல செத்தவங்கள "நாலு சிறுமிகள்"னு மட்டும் எழுதி விட்டுடாதீங்க, பேரோட வயசோட முதல் பக்கத்துலயே போடுங்கன்னு விடாம நின்னாங்க. போட்டாச்சுக்கா: அடி மே காலின்ஸ், கேரல் ராபர்ட்சன், சிந்தியா வெஸ்லி, மூணு பேருக்கும் 14. டெனிஸ் மெக்நேருக்கு 11.

பிரிண்ட் போட்டுத் தர்றேன்னு சொன்ன அண்ணனுக்கும் நன்றி. காப்பி வந்ததும் சண்டே ஸ்கூல் பிள்ளைங்களுக்குத்தான் முதல்ல, பெரியவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க.